கச்சான் காற்றில் தடம் பார்த்தல்: தனுஷ்கோடி மணல்மேட்டு ஓட்டப் பாதை, ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில் மலை கிடையாது. கண்மாய்க் கரையில் ஏறி நின்றாலே நாலு ஊர் தெரியும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒன்பது பேர், மேற்குத் தொடர்ச்சி மலையில் செப்டம்பரில் நடக்கவிருந்த 50 கி.மீ. காட்டுப்பாதை ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தோம். மொத்த ஏற்றம் 2,000 மீட்டர். முடிக்க வேண்டிய நேரம் 12 மணி. அதற்கு முன் ஜூலைக் கடைசியில் எங்கள் கரையிலேயே ஒரு முழு ஒத்திகை ஓட்டம் வைப்பது என்று முடிவானது. அந்த ஒத்திகைக்குப் பாதை பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை எழுதிக் கொடுத்த குறிப்பில் பாதிக்கு மேல் தவறு. எது ஏன் தவறானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மலையில் நடப்பவர்களுக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குப் போட்டு வைத்தார். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் எங்கள் 50 கி.மீ.க்கு 10 மணி, ஏற்றத்துக்கு 3 மணி 20 நிமிடம். 12 மணிக்குள் அடங்காது. ‘கடைசியில் நடந்தே முடித்துவிடலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு அந்தப் பேச்சை விட்டார்கள். காட்டுப்பாதை ஓட்டக்காரர்கள் போடும் கணக்கு வேறு: 100 மீட்டர் ஏற்றம், சமதளத்தில் 1 கி.மீ.க்குச் சமம். அதன்படி எங்கள் ஓட்டம் 70 கி.மீ. ஓட்டம். சமதளத் தார்ச்சாலையில் மட்டும் ஓடிப் பழகிய உடம்பு அதைத் தாங்காது.

மேட்டைத் தேடினோம். முதலில் நினைவுக்கு வந்தது பாம்பன் சாலைப் பாலம். 1988-இல் திறந்தது, நீளம் இரண்டு கி.மீ.க்கு மேல், நடுவில் நல்ல ஏற்றம். ஆனால் ரயில் பாலத்தைப் பார்க்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் விடியும் முன்பே வந்துவிடுகிறார்கள். பேருந்து ஒதுங்க இடமில்லாத இடத்தில் ஒன்பது பேரை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணலையும் யோசித்தோம். அங்கே பதநீர்ப் பருவம், பனங்காட்டில் வேலை நடக்கும் நேரம். அதையும் விட்டோம்.

மிஞ்சியது ராமேசுவரம் தீவு. அங்கே இரண்டு மேடுகள். ஒன்று கெந்தமாதன பர்வதம், ராமர் பாதம் இருக்கும் இடம். கோவிலிலிருந்து சுமார் 3 கி.மீ., தீவிலேயே உயரமான இடம் அதுதான். பர்வதம் என்று பேர் இருந்தாலும் அடியில் இருப்பது மணல்மேடு. இன்னொன்று, முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி தனுஷ்கோடி வரை தென்கடல் ஓரமாகக் காற்று குவித்து வைத்திருக்கும் மணல்மேடுகள். உயரம் அதிகமில்லை. ஆனால் உலர்ந்த மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நடப்பதற்கு இன்னும் மோசம், இரண்டு மடங்குக்கு மேல். கால் அழுத்தும்போது மணல் நகர்ந்துவிடுகிறது. தரை திருப்பித் தர வேண்டிய உந்துதலை மணல் தின்றுவிடுகிறது. ஏற்றத்தின் செலவில் ஒரு பகுதியை அங்கே வாங்கலாம் என்பது என் எண்ணம்.

முதல் பார்வை: மார்ச்

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் குழுவில் வேகமாக ஓடும் தம்பி ஒருவனும் போனோம். இரவில் தனுஷ்கோடிப் பக்கம் வெளியாட்களை விடுவதில்லை. சோதனைச் சாவடியைத் தாண்டும்போது மணி ஆறு. கடல் தூங்கிக் கிடந்தது. இங்கே வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அன்று ஆண்கடலும் அடங்கித்தான் இருந்தது. அலை நனைத்துப் போன மணல் சிமென்ட் தரைபோல இறுகியிருந்தது. சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடிக்கு 5 கி.மீ. 31 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம்.

வழியில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலிலிருந்து மேடு வரை கயிறு முழங்கால் உயரத்தில் விறைத்து நின்றது. தாண்டலாம் என்று கால் தூக்கப் போனேன். கயிற்றின் கடைசியில் நின்ற பெரியவர் சத்தம் போட்டார்: “கயித்தத் தாண்டாதீங்க தம்பி, பின்னால சுத்திப் போங்க. அல இழுத்துச்சுன்னா கால அறுத்துரும்.” சுற்றிப் போனோம். இன்னும் கொஞ்ச தூரத்தில் கடலிலிருந்து மேட்டுக்கு டிராக்டர் டயர் உருண்டதுபோல ஒரு தடம். ஆமை ஏறிய தடம். அதன் முடிவில் வனத்துறைக் காவலர் ஒருவர் மண்டியிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணல் போட்ட வாளியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எடுத்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்தார். தைமுதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் கரையேறும் காலம் என்றும், அந்த மாதங்களில் இருட்டில் நெற்றி விளக்கோடு மேட்டில் யாரும் நடக்கக் கூடாது என்றும் சொன்னார். வெளிச்சத்தைப் பார்த்தால் ஏற வந்த ஆமை திரும்பிவிடும். குஞ்சு பொரித்து வரும்போது கடலை விட்டு விளக்கை நோக்கி நடக்கும்.

திரும்பும்போது ஒரு தப்பு செய்தேன். செயலியின் வரைபடத்தில் வடக்குப் பக்கம் வெறும் வெள்ளைத் திடலாகக் காட்டியது, குறுக்கே போனால் தூரம் குறையும். போனோம். மேலே உப்புப் பூத்து, பொரித்த அப்பளம் போல மொறுமொறுவென்று இருந்தது தரை. இருபது முப்பது எட்டு நன்றாகப் போனது. அடுத்த எட்டில் ஓடு உடைந்து தம்பியின் வலது கால் கெண்டைக்கால் வரை இறங்கியது. உள்ளே கன்னங்கரேலென்று நாறும் சேறு. காலை இழுத்தான், கால் வந்தது, ஷூ வரவில்லை. குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவி எடுத்தோம். தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். “அது உளைச் சேறுப்பா. வெள்ளையாத் தெரியுற பக்கம் போகாதீங்க, அடப்பங்கொடி படந்து கெடக்குற மேட்டோட வாங்க.” அடம்பங்கொடி உலர்ந்த மணலில்தான் படரும். கொடி இருக்கும் இடத்தில் தரை தாங்கும். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்த ஒரு வரிதான் முதல் பார்வையில் கிடைத்த உருப்படியான செய்தி.

வீட்டுக்கு வந்து குறிப்பு எழுதினேன். ‘தென்கடல் ஓரம் இறுகிய மணல், ஓட ஏற்றது. உளைப் பகுதியைத் தவிர்த்தால் போதும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதுமானது.’ ஒத்திகைக்கு இதையே வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினேன்.

உயரக் கணக்கில் வந்த குழப்பம்

குறிப்போடு ஏற்றத்தின் அளவையும் கொடுக்க வேண்டியிருந்தது. என் கைக்கடிகாரம் ஒன்று சொன்னது, செயலி வேறொன்று சொன்னது, இரண்டுக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம். காரணத்தைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது.

பல செயலிகள் உயரத்தை எடுப்பது 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவிலிருந்து. அது 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. எங்கள் மணல்மேடுகளில் பல அந்த 30 மீட்டருக்குள்ளேயே ஏறி இறங்கிவிடும். அதனால் வரைபடத்தில் அவை கரைந்து சமதளமாகிவிடுகின்றன. அதே ரேடார் சவுக்குத் தோப்பின் தலையையும் பாதி தரையாகவே எடுத்துக்கொள்ளும். இருக்கும் மேடு காணாமல் போய், இல்லாத மேடு முளைக்கிறது. போதாததற்கு மணல்மேடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை.

கடிகாரம் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்வது. கடல் மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 1 மில்லிபார் குறையும். நம் பக்கத்து வெப்ப மண்டலத்தில் தினமும் அதிகாலை நாலு மணி வாக்கில் அழுத்தம் தாழ்ந்து, காலை பத்து மணி வாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் ஏறும். இதற்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை, அன்றாடம் நடப்பது. அதனால் நாலு மணிக்கு உயரத்தைச் சரிசெய்துகொண்டு கிளம்பினால், பத்து மணிக்குக் கடலோரத்தில் நிற்கும்போது கடிகாரம் ‘கடல் மட்டத்துக்குக் கீழே 20 மீட்டர்’ என்று காட்டும். பலத்த காற்று கடிகாரத் துளையில் அடித்தாலும் பொய் ஏற்றங்கள் சேரும்.

கடைசியில் மீட்டரை விட்டுவிட்டேன். ஒத்திகைக்கு ஏற்றத்தை அளவாக வைக்காமல், மணலில் கால் இருக்கும் நேரத்தை அளவாக வைத்தோம். அந்த முடிவு சரியாகவே இருந்தது.

இரண்டாம் பார்வை: ஜூலை

எங்கள் ஒன்பது பேரில் கடைசியாக வருபவர் ஒரு டீச்சர் அக்கா. வயது 46. ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவார். குறிப்பைப் படித்துவிட்டு அவர்தான் கேட்டார்: “தம்பி, நீங்க ரெண்டு பேரும் ஏழு மணிக்கு முடிச்சிட்டீங்க. நான் அங்க ஒம்பதரைக்கு இருப்பேன். ஒம்பதரைக்கு அந்த மணல் எப்படி இருக்கும்னு எழுதலையே?” பதில் என்னிடம் இல்லை. ஒத்திகைக்கு மூன்று வாரம் முன், ஜூலை முதல் வாரத்தில், அக்காவோடு, அக்காவின் வேகத்தில் மறுபடி போனோம்.

மார்ச்சில் பார்த்த கரை அங்கே இல்லை.

கச்சான் ஏறிவிட்டது. தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் அந்தக் காற்றில் ஆண்கடல் கரையை மேடு வரை தின்றிருந்தது. 31 நிமிடத்தில் ஓடிய இறுகிய மணல் பட்டை முழுக்க அலைக்குள். ஓட வேண்டுமானால் மேட்டின் உலர்ந்த மணலில்தான். மார்ச்சில் ஓரிரு இடங்களில் குச்சி நட்டுத் துணி கட்டியிருந்தேன். ஒன்றையும் காணவில்லை, ஒரு குச்சியின் நுனி மட்டும் விரற்கடை அளவு நீட்டிக்கொண்டிருந்தது. தார்ச்சாலையிலும் மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடந்தது. கணுக்கால் உயரத்தில் மணல் பறந்து ஊசியாகக் குத்தியது.

தனுஷ்கோடி முனை தென்கிழக்காக நீண்டு கிடப்பதால், போகும்போது காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளுகிறது. தெரியாமலே வேகம் கூடுகிறது. பழைய தேவாலயச் சுவர் தெரியும் வரை எல்லோருக்கும் உற்சாகம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊர் போனபிறகு மிஞ்சி நிற்கும் அந்தப் பவளக்கல் சுவரருகே திரும்பினோம். திரும்பிய நிமிடத்திலிருந்து அதே காற்று இடப்பக்கம் முகத்தில் அடித்தது. வந்த வேகத்தில் பாதியும் ஓட முடியவில்லை.

எனக்கு விளைந்த சிக்கல் இங்கேதான். காற்று அடிக்கும்போது வியர்வை தோலில் நிற்பதே இல்லை. சட்டை உலர்ந்தே இருக்கிறது. வியர்க்கவில்லை என்று மனம் நம்பிவிடுகிறது. சட்டையின் கழுத்தோரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு வரி விழுந்ததைப் பார்த்தபிறகும் நான் தண்ணீரை மிச்சம் பிடித்தேன். ஒன்பது மணிக்குக் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன. நின்றேன். நிற்க முடியாமல் உட்கார்ந்தேன். தலை லேசாகச் சுற்றியது. ஒன்றரை லிட்டரும் காலி.

சாலையோரக் குடிசையிலிருந்த ஆத்தா பார்த்துவிட்டு வந்தார். குடிசைக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு ஊற்றுக்குழி. உள்ளே இறங்கி, சிரட்டையால் மேல்தண்ணீரை மட்டும் அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றினார். ஆழமாக அமுக்கி மொண்டால் கரிக்குமாம். இரண்டு பக்கமும் கடல், நூறு எட்டில் உப்பு, நடுவே இந்தக் குழியில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான் அது. “குடிங்கய்யா, உப்புக் கரிக்காது” என்றார். குடத்திலிருந்த தண்ணீரில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து நடந்தேன்.

காலையில் கிளம்பும்போது எடை 71.2 கிலோ. முடித்ததும் சத்திரத்துக் கடைத் தராசில் 68.6. எடையில் 2.6 கிலோ குறைந்திருந்தது, நடுவில் குடித்தது ஒன்றரை லிட்டர், ஆத்தா கொடுத்ததைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட 4.1 லிட்டர் வெளியேறியிருக்கிறது, மூன்றேகால் மணி நேரத்தில். மணிக்கு ஒன்றேகால் லிட்டர். உடல் எடையில் இரண்டு சதவீதம் குறைந்தாலே ஓட்டம் தளரும் என்பார்கள். எனக்கு மூன்றரைக்கு மேல் போயிருந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடக்கும் இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு மடக்கு குடித்துக்கொண்டே வந்தார், உப்புக் கடலை மென்றார். அவர் வேகத்தில் போனபோதுதான் பாதையின் சூடு எனக்குத் தெரிந்தது.

மாற்றி அமைத்த பாதை

வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய் எழுதிக் கொடுத்தோம். தனுஷ்கோடிப் பகுதியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வடக்குப் பக்கத் திட்டுகளில் இறங்கக் கூடாது என்பதை நாங்களே முதல் நிபந்தனையாக எழுதினோம். உளையும் அங்கேதான் என்பதால் இழப்பும் இல்லை. ராவணன் மீசைப் புல் முளைத்த மேடுகளில் ஏற வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்தான், பத்துப் பேர் மிதித்தால் மேடு அவிழ்ந்துவிடும். ஆகவே ஏறி இறங்கும் பயிற்சியை வண்டித்தடம் ஏற்கெனவே விழுந்த, புல் இல்லாத ஒரே மேட்டில் வைத்தோம்.

முடிவான பாதை 28 கி.மீ. அதிகாலை நாலு மணிக்குக் கெந்தமாதன பர்வதத்தின் அடிவாரம். ராமர் பாதத்துக்கு ஏறும் சாலையில் ஏற்றமும் இறக்கமுமாக 3 கி.மீ., கோவில் திறந்து ஆட்கள் வருமுன் முடித்துவிட வேண்டும், சத்தம் கூடாது. பிறகு ஊருக்குள் வந்து, கிழக்கே தார்ச்சாலை. ஆறு மணிக்குமேல் சோதனைச் சாவடி. சத்திரத்திலிருந்து தென்கடல் மேட்டோரமாகப் பழைய தனுஷ்கோடிக்கு 5 கி.மீ., நடுவே அந்த மேட்டில் பத்து முறை ஏறி இறங்குதல். திரும்பும் 5 கி.மீ. சாலையில், எதிர்காற்றில். மணல் பகுதி எல்லாம் சேர்த்து 7 கி.மீ.; 1.6 மடங்கு என்றால் மொத்தம் 32 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் முதுகில். சத்திரத்தில் ஒரு ஆட்டோவில் முப்பது லிட்டர் கேனும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்ற அளவு தவறாமல். உப்பில்லாத வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது தாகத்தைவிட ஆபத்து. ஷூவின் வாயை மூடும் துணி உறை எல்லோருக்கும் கட்டாயம். சீமைக் கருவேல முள் மெத்தென்ற அடிப்பாகத்தில் நேராக இறங்கும் என்பதால் ஆளுக்கொரு ஊக்கு.

ஒத்திகையில் ஒன்பது பேரும் முடித்தோம். முதல் ஆள் 3 மணி 50 நிமிடம். அக்கா 5 மணி 40 நிமிடம், காலை 9.40-க்குச் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். எடை பார்த்தோம், அவருக்கு எழுநூறு கிராம்தான் குறைந்திருந்தது.

மலையில் நடந்தது

செப்டம்பரில் மலைக்குப் போன ஒன்பது பேரில் ஏழு பேர் நேரத்துக்குள் முடித்தோம். அக்கா 11 மணி 38 நிமிடம். ஏற்றங்களில் எங்களை யாரும் எளிதில் தாண்டவில்லை; மணல் கொடுத்த பலன் அதுதான். இருவர் நின்றது இறக்கத்தில். 34-ஆவது கி.மீ.யில் கல்லும் வேருமாக நீண்டு இறங்கிய பாதையில் தொடைத் தசைகள் கட்டையாகிப் போயின. மணலில் இறங்கும்போது அடியை மணல் வாங்கிக்கொள்ளும். கெட்டித் தரையில் உடம்பின் முழு எடையையும் நீளும் தசைதான் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலையை எங்கள் பாதை யாருக்கும் கற்றுத் தரவில்லை. பாதை பார்த்தபோது ஏற்றத்தை மட்டுமே தேடினேன், இறக்கத்தைத் தேடவே இல்லை. அந்த இருவரிடமும் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

இப்போது புதன்கிழமை தோறும் ராமநாதபுரம் ஸ்டேடியத்து கேலரிப் படிகளில் இறங்கிப் பழகுகிறோம். ஏறுவதை மெதுவாகவும் இறங்குவதை எண்ணியும். வாடைக்காற்று தொடங்கியதும் மூன்றாம் முறை தடம் பார்க்க வேண்டும். தென்கடல் அடங்கி, வடகடல் சீறும் நேரம் அது. அக்காவிடம் தேதி கேட்டிருக்கிறேன். அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.